இங்கிலீஷ் மக்கர் செய்தால் எங்கே பார்ப்பது

ஐந்தாறு வருடம் இலக்கணப் பயிற்சி எழுதியவர்கூட அவசரத்தில் வாயைத் திறந்தால் "ஐ டிட் நாட் வென்ட்" என்றுதான் வருகிறது. விதி தெரியாதவர் இல்லை, கேட்டால் தூக்கத்தில்கூட ஒப்பிப்பார். அவரைப் பிடித்து மறுபடியும் முதல் பாடத்தில் உட்கார வைப்பது, வண்டியில் ஏதோ சத்தம் வருகிறது என்றதும் மொத்த எஞ்சினையும் பிரித்துப் போடுகிற மாதிரி. எந்தச் சத்தம், எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டு அந்த இடத்தை மட்டும் திறந்தால் போதும்.

நான் கவனித்தவரை நம் பிழைகளில் பெரும்பாதி மறதியால் வருவதே இல்லை. உள்ளே தமிழ் இலக்கணம் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கிறது, இடம்தான் தப்பு. அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் முதலில் தமிழில் எந்தத் திருகு அங்கே சுற்றுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் இங்கிலீஷுக்குப் போகிறேன். சில இடங்களில் தமிழே மருந்தாகவும் இருக்கிறது.

எதையும் திறப்பதற்கு முன்னால்

நேற்று என்ன செய்தீர்கள் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். மடித்து வைத்துவிட்டு மறுநாள் சத்தமாகப் படியுங்கள். படிக்கும்போது நீங்களே பிடிக்கிற தப்புகள் ஒரு குவியல், இன்னொருவர் காட்டினால்தான் தெரிகிற தப்புகள் இன்னொரு குவியல். பிட் கார்டர் என்ற மொழியியலாளர் 1967இல் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார்: முதலாவது வெறும் நாக்குப் பிசகு, அவர் பேச்சில் "மிஸ்டேக்"; இரண்டாவது மனசுக்குள் இருக்கிற விதியே வேறாக இருப்பது, அது "எரர்". முதல் குவியலுக்கு இலக்கணப் புத்தகம் வேண்டாம், நிதானமும் பேச்சுப் பழக்கமும் போதும். இரண்டாவது குவியலில் இருப்பதுதான் பழுது. பலர் முதல் குவியலுக்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டே இரண்டாவதை வருடக்கணக்கில் அப்படியே வைத்திருக்கிறார்கள்.

"டிட் நாட் வென்ட்" என்று வருகிறது

"போகவில்லை" என்ற சொல்லைப் பிரியுங்கள். போக, இல்லை. காலம் எங்கே? "போனேன்" என்பதில் இறந்தகாலம் இருந்தது, மறுப்பு வந்ததும் அது உதிர்ந்துவிட்டது. "நேற்று மழை பெய்யவில்லை" என்கிறோம், "இப்போது மழை பெய்யவில்லை" என்றும் சொல்கிறோம், சொல் மாறுவதே இல்லை. அதாவது மறுக்கும்போது வினை மொட்டையாக நிற்பது நமக்குப் புதிதல்ல, தினமும் செய்வதுதான்.

இங்கிலீஷிலும் வினை மொட்டையாகத்தான் நிற்கிறது. காலத்தை மட்டும் உதிர விடாமல் "டிட்" தலையில் ஏற்றிவிடுகிறார்கள். பிழை எங்கே நுழைகிறது என்றால், "வென்ட்" என்று முதலில் நினைத்துவிட்டு அப்புறம் மறுப்பை ஒட்டுகிறோம், அப்போது சுமை இரண்டு தலையில் ஏறிவிடுகிறது. ஒரு சுமைக்கு ஒரு தலை என்று வைத்துக்கொள்ளுங்கள். "டிட்" சுமந்தால் "கோ" சும்மா வரும். "டிட் யூ கோ" என்ற கேள்வியிலும் இதே கதை, "ஹி டஸ் நாட் நோ" என்பதிலும் இதே கதை (எஸ்ஸை "டஸ்" வாங்கிக்கொண்டது, "நோ"வுக்கு இன்னொன்று கிடையாது), "கேன்", "வில்", "மஸ்ட்" பின்னால் வரும் வினைக்கும் இதேதான். "ஐ வான்டட் டு வென்ட்" என்று சொல்கிறீர்களா? அதுவும் இந்தக் குடும்பம்தான், "டு"வுக்குப் பின்னால் மொட்டை.

ஒரே விதிவிலக்கு "ஆம், இஸ், வாஸ்" குடும்பம். அதற்கு "டிட்" உதவி தேவையில்லை, "ஐ வாஸ் நாட்" என்று தானே மறுத்துக்கொள்ளும்.

பழக வேண்டியது மூன்று வரி: "ஐ வென்ட். ஐ டிடின்ட் கோ. டிட் யூ கோ?" இதையே பத்து வினைக்குச் செய்யுங்கள். எந்தப் பத்து என்று தேட வேண்டாம், இங்கிலீஷில் அதிகம் புழங்கும் பத்து வினைகளான பி, ஹேவ், டூ, சே, கோ, கெட், மேக், நோ, திங்க், டேக் எல்லாமே இறந்தகாலத்தில் ஒழுங்கு தவறியவை ("பி" மட்டும் மேலே சொன்ன விதிவிலக்கு, "டிட்" இல்லாமல் பழகுங்கள்). தினப்படிப் பேச்சில் உங்கள் வாய் இடறுவது பெரும்பாலும் இந்தப் பத்தில்தான், அதனால் நூற்றைம்பது வினைகள் கொண்ட பட்டியலை மேலிருந்து கீழாக மனப்பாடம் செய்வதைவிட இது லாபம்.

"ஹி கோ", "ஷி வொர்க்": எஸ் விழுந்துகொண்டே இருக்கிறது

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள், போகிறது, போகிறார்கள் என்று ஆளுக்கு ஒரு விகுதி போட்டுப் பழகிய வாய்க்கு "ஹி கோஸ்", "ஷி வொர்க்ஸ்" என்ற ஒரே ஒரு எஸ் கனமாக இருக்கிறது. காரணம், தமிழ் விகுதி வேலை செய்கிறது. "போகிறாள்" என்றால் யார் என்று சொல்லவே வேண்டாம். இங்கிலீஷ் எஸ்ஸுக்கு அந்த வேலை இல்லை, "ஷி" ஏற்கெனவே சொல்லிவிட்டது, அதனால் மூளை அதைக் குப்பை என்று கழித்துவிடுகிறது.

இதற்காக மனசு உடைய வேண்டாம். ரோஜர் பிரௌன் என்ற உளவியலாளர் இங்கிலீஷைத் தாய்மொழியாகப் பேசிய மூன்று குழந்தைகளைப் பின்தொடர்ந்து 1973இல் வெளியிட்ட ஆய்வில், 14 சின்னச் சின்ன இலக்கணக் கூறுகள் எந்த வரிசையில் வாயில் நிலைக்கின்றன என்று பார்த்தார். "இங்" முதலில் வந்துவிட்டது, இந்த எஸ் வரிசையில் பின்னால்தான் வந்தது. அவர்களுக்கே தாமதம்.

பேச்சில் விழுந்தால் விடுங்கள். எழுத்தில் விடக் கூடாது. எழுதி முடித்ததும் வேறு எதையும் பார்க்காமல் ஹி, ஷி, இட், ஒருமைப் பெயர் ஆகியவற்றின் பின்னால் வரும் வினையை மட்டும் விரலால் தொட்டுத் தொட்டு ஒரு சுற்று வாருங்கள். எல்லாத் தப்பையும் ஒரே சுற்றில் தேடினால் எஸ் எப்போதும் தப்பிவிடும்.

எல்லாவற்றிலும் "இங்" ஒட்டிக்கொள்கிறது

"ஐ ஆம் நோயிங்", "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்", "டெய்லி ஐ ஆம் கோயிங் பை பஸ்". தமிழில் "கிறேன்" இரண்டு வேலை செய்கிறது: "இப்போது படிக்கிறேன்" என்றும் சொல்லலாம், "தினமும் படிக்கிறேன்" என்றும் சொல்லலாம். அதை "ஆம் ... இங்" என்று மனசு ஒருமுறை கட்டிவிட்டால் தினசரி விஷயத்துக்கும் அதுவே வருகிறது.

சோதனை எளிது. அதே வாக்கியத்தை "கொண்டிருக்கிறேன்" போட்டுத் தமிழில் சொல்லிப் பாருங்கள். "எனக்கு இரண்டு தம்பிகள் இருந்துகொண்டிருக்கிறார்கள்." சிரிப்பு வருகிறதா? அப்படியானால் "இங்" வேண்டாம், "ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்". "எழுதிக்கொண்டிருக்கிறேன்" காதில் இடறவில்லை, "ஐ ஆம் ரைட்டிங்" சரி.

இந்தச் சோதனை ஏமாற்றும் இடமும் உண்டு. "நம்பிக்கொண்டிருக்கிறேன்" நல்ல தமிழ், "ஐ ஆம் பிலீவிங்" இங்கிலீஷ் காதுக்கு ஆகாது. "நினைத்துக்கொண்டிருக்கிறேன்" என்பதில் பாதிப் பாதி: ஒரு விஷயத்தை மனசில் உருட்டிக்கொண்டிருந்தால் "ஐ ஆம் திங்கிங் அபௌட் இட்", உங்கள் கருத்தைச் சொல்கிறீர்கள் என்றால் "ஐ திங்க்". நம்பிக்கை, விருப்பம், புரிதல், உடைமை ஆகிய நான்கு வகை வினைகளைக் கண்டால் ஒரு நொடி நிறுத்துங்கள், அவ்வளவுதான்.

"ஐ ஹேவ் சென்ட் இட் எஸ்டர்டே"

என்னைக் கேட்டால் தமிழர்களுக்கு இங்கிலீஷ் காலங்களில் இருக்கும் ஒரே உண்மையான சிக்கல் இதுதான், ஆனால் இதற்கு விடையும் பாதி தமிழிலேயே கிடக்கிறது.

"அவரை எங்கேயோ பார்த்திருக்கிறேன்" என்கிறோம். "நேற்று சாயங்காலம் அவரைப் பார்த்திருக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள், தமிழிலேயே தட்டுகிறது, "பார்த்தேன்" என்று வாய் தானாகத் திருத்தும். எப்போது என்று சொல்லாத பழைய விஷயத்துக்குத்தான் "திருக்கிறேன்". இங்கிலீஷின் "ஹேவ் சீன்" கிட்டத்தட்ட அதே ஆசாமி. எஸ்டர்டே, லாஸ்ட் வீக், இன் 2019, டூ டேஸ் அகோ என்று நேரம் மூடிவிட்டால் அவர் வெளியே போய்விடுவார்.

அப்படியானால் பிழை எங்கிருந்து வருகிறது? "விட்டேன்" வழியாக. "அனுப்பிவிட்டேன்" என்றால் "ஐ ஹேவ் சென்ட் இட்" என்று பழகியிருக்கிறோம், பழகியதில் தப்பில்லை. ஆனால் தமிழில் "நேற்றே அனுப்பிவிட்டேன்" என்று தாராளமாகச் சொல்லலாம், "விட்டேன்" நேற்றைச் சேர்த்துக்கொள்ளும், இங்கிலீஷின் "ஹேவ்" சேர்த்துக்கொள்ளாது. இந்த ஒரு பொருத்தமின்மைதான் அத்தனை கடிதங்களிலும் அந்தப் பிழையை விதைக்கிறது. ஆகவே "விட்டேன்" என்று மனசில் ஓடும்போது வாக்கியத்தில் தேதி, கிழமை, நேற்று ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் "ஐ சென்ட் இட் எஸ்டர்டே". இல்லையென்றால் "ஐ ஹேவ் சென்ட் இட்".

இதன் தங்கை "ஐ ஆம் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்". "மூன்று வருடமாக இங்கே இருக்கிறேன்" என்று நாம் நிகழ்காலத்தில் சொல்கிறோம், அதனால் "ஆம்" வந்துவிடுகிறது. இங்கிலீஷில் அன்று தொடங்கி இன்றுவரை நீளும் விஷயத்துக்கு "ஹேவ் பீன்" வேண்டும். "சின்ஸ்", "ஃபார்" குழப்பத்துக்கு மட்டும் தமிழ் உருபைப் பிடித்துக்கொள்ளுங்கள்: "ஆக" என்று முடிந்தால் "ஃபார்", "இலிருந்து" என்று முடிந்தால் "சின்ஸ்". மூன்று வருடமாக, "ஃபார் த்ரீ இயர்ஸ்". 2021இலிருந்து, "சின்ஸ் 2021". இதை ஒருமுறை பிடித்துவிட்டால் அப்புறம் இந்தப் பிழை வந்ததாக எனக்கு நினைவில்லை.

"ஹேட்" போட்டு எழுதுவதைக் கௌரவம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: "ஐ ஹேட் கான் தேர் எஸ்டர்டே" என்று தனியாக நிற்காது. இரண்டு பழைய சம்பவங்கள் இருந்து, அதில் முந்தியதைக் காட்ட வேண்டுமென்றால்தான் "ஹேட்".

"எ", "தி" எப்போது என்று தெரியவில்லை

தமிழில் இப்படி ஒன்றே இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள், பாதிதான் உண்மை. "புத்தகம் வாங்கினேன்" என்பதற்கும் "புத்தகத்தை வாங்கினேன்" என்பதற்கும் என்ன வித்தியாசம்? முதலாவது ஏதோ ஒரு புத்தகம். இரண்டாவதைக் கேட்டதும் "எந்தப் புத்தகம், முன்னால் சொன்னதா?" என்று தோன்றுகிறது. அந்த "ஐ" உருபுதான் அங்கே "தி" வேலை பார்க்கிறது. "ஐ பாட் எ புக்", "ஐ பாட் தி புக்". வாழ்நாள் முழுக்க இந்த வித்தியாசத்தைத் தப்பில்லாமல் செய்துகொண்டே இங்கிலீஷில் அது புரியவே இல்லை என்று சொல்கிறோம்.

வரம்பு உண்டு. இந்த உருபுச் சோதனை செயப்படுபொருளுக்கு மட்டும்தான், அதிலும் அஃறிணைப் பொருள்களுக்குத்தான். ஆட்களுக்குப் பெரும்பாலும் "ஐ" வரும், "ஒரு ஆளைப் பார்த்தேன்" என்போம், அங்கே இது செல்லாது. மற்ற இடங்களில் பெயருக்கு முன்னால் "ஏதோ ஒரு" போட்டால் பொருந்துகிறதா, "நமக்குத் தெரிந்த அந்த" போட்டால் பொருந்துகிறதா என்று கேளுங்கள். கேட்பவருக்கும் எது என்று தெரியுமா என்பதுதான் கணக்கு, உங்களுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. உலகத்தில் ஒன்றே ஒன்று என்றால் அவருக்கும் தெரியும், அதனால் "தி சன்". பொதுவாகப் பேசினால் எதுவும் வேண்டாம்: "ஐ லைக் மியூசிக்", "சில்ட்ரன் லேர்ன் ஃபாஸ்ட்".

சந்தேகம் தீராவிட்டால் குறைந்தபட்சம் இதையாவது காப்பாற்றுங்கள்: எண்ணக்கூடிய பெயர் ஒருமையில் தனியாக நிற்கக் கூடாது. "ஐ பாட் கார்" என்று விட முடியாது. எ, தி, மை, திஸ், எவ்ரி, ஏதாவது ஒரு துணை அதன் முன்னால் வேண்டும். இந்த ஒரு விதி மட்டுமே பக்கத்துக்குப் பாதிப் பிழையைத் துடைத்துவிடும்.

"எ"வா "அன்"னா என்பதில் நமக்கு ஒரு சலுகை. அடுத்த சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள், உயிரெழுத்தில் தொடங்கினால் "அன்", உயிர்மெய்யில் தொடங்கினால் "எ". அவர் (மணி நேரம் என்ற இங்கிலீஷ் சொல்), அம்ப்ரெல்லா, எம்.பி.ஏ. மூன்றுக்கும் "அன்". யுனிவர்சிட்டி, யூரோப்பியன் இரண்டும் "யு"வில் தொடங்குகின்றன, "எ". இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்தால் "அவர்" முன்னால் ஹெச் நிற்கிறது, குழப்பும். தமிழ் எழுத்து உச்சரிப்பை எழுதுவதால் ஏமாற்றுவதில்லை. "ஒன்" மட்டும் நாம் சோம்பேறித்தனமாக எழுதுகிறோம், உண்மையில் ஒலி "வன்", அதனால் "எ ஒன்-வே டிக்கெட்".

"டிஸ்கஸ் அபௌட்", "எக்ஸ்பிளெயின் மீ"

பற்றிப் பேசினோம் என்றால் "அபௌட்" தானாக வருகிறது, "டிஸ்கஸ்" அதை ஏற்கெனவே வயிற்றுக்குள் வைத்திருக்கிறது. அதே மாதிரி "ரீச் டு", "மேரீட் வித்" (அது "மேரீட் டு", அல்லது வெறுமனே "மேரீட் ஹிம்"), "எண்டர் இன்டு தி ரூம்". எதிர்ப்பக்கம், பாட்டு கேட்டேன் என்பதால் "ஐ லிசன்ட் மியூசிக்", அங்கே "டு" விழுந்துவிட்டது. "எனக்கு விளக்குங்கள்" என்பது "எக்ஸ்பிளெயின் மீ" ஆகிறது, "எக்ஸ்பிளெயின் இட் டு மீ" ஆக வேண்டும்.

இதற்கு விதி தேடாதீர்கள், நான் தேடி நேரம் வீணாக்கியவன். வினையைத் தனியாகக் கற்காமல் அதன் வாலோடு சேர்த்தே எழுதி வையுங்கள்: "வெயிட் ஃபார்", "டிபெண்ட் ஆன்", "டிஸ்கஸ், வால் கிடையாது". தமிழில் ஒரே "இல்" செய்கிற வேலையை மூன்றாகப் பிரிக்கும் "அட், ஆன், இன்" மட்டும் நேரத்தைப் பொறுத்தவரை ஓரளவு ஒழுங்கு: மணிக்கு "அட்", நாளுக்கு "ஆன்", மாதத்துக்கும் வருடத்துக்கும் "இன்".

"இன்ஃபர்மேஷன்ஸ்", "அட்வைசஸ்", "ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்"

தகவல்கள், அறிவுரைகள், கருவிகள் என்று நாம் எண்ணுவதை அவர்கள் தண்ணீர் மாதிரி எண்ணாமல் விட்டிருக்கிறார்கள். இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஃபர்னிச்சர், எக்விப்மெண்ட், லக்கேஜ், ஹோம்வொர்க், நியூஸ். எண்ணியே ஆக வேண்டுமென்றால் "எ பீஸ் ஆஃப் அட்வைஸ்". "ஒன் ஆஃப்" பின்னால் எப்போதும் கூட்டம்தான் நிற்கும், "ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்ஸ்".

மொழி கற்பவர்களுக்கென்றே தொகுத்த அகராதி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் இங்கிலீஷ் கற்பித்த ஹார்ன்பி தன் குழுவோடு 1942இல் அங்கே வெளியிட்டது இந்த வகை அகராதிகளின் முன்னோடிகளில் ஒன்று. பெயர்ச்சொல் பக்கத்தில் "சி" என்று ஒரு எழுத்து இருந்தால் எண்ணலாம், "யூ" இருந்தால் எண்ணக் கூடாது. அர்த்தத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடுகிறவர்கள் அதே பக்கத்தில் இருக்கும் மருந்தைப் பார்க்காமல் போகிறார்கள்.

"யெஸ்" சொன்னேன், அவர் தலைகீழாகப் புரிந்துகொண்டார்

இது எனக்கே நடந்தது. தொலைபேசியில் ஒரு பெண் "டிடின்ட் யூ கெட் தி ஃபைல்?" என்று கேட்டார். எனக்கு வரவில்லை. "வரலையா?" என்று கேட்டால் தமிழன் என்ன சொல்வான், "ஆமாம், வரல". நான் "யெஸ்" என்றேன். அவர் "கிரேட்" என்று சந்தோஷமாக வைத்துவிட்டார். இரண்டு நாள் அந்த ஃபைலுக்காகக் காத்திருந்தேன், அவர் என் பதிலுக்காகக் காத்திருந்தார், இரண்டு பேருமே எதிராளியைச் சோம்பேறி என்று நினைத்திருப்போம்.

தமிழில் ஆமாமும் இல்லையும் கேள்வி கேட்டவரின் ஊகத்துக்குப் பதில்: நீ நினைத்தது சரி, ஆமாம். இங்கிலீஷில் அவர் எப்படிக் கேட்டார் என்பது முக்கியமே இல்லை, நடந்ததா நடக்கவில்லையா என்பதற்கு மட்டும் பதில். வந்தால் "யெஸ், ஐ டிட்". வராவிட்டால் "நோ, ஐ டிடின்ட்". "யெஸ், ஐ டிடின்ட்" என்று ஒரு உயிரினம் அங்கே கிடையாது. எதிர்மறைக் கேள்வி என்று காதில் விழுந்ததும் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லாதீர்கள், வாலையும் சேர்த்துச் சொல்லுங்கள், முதல் சொல் தப்பினாலும் வால் காப்பாற்றும். "டூ யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?" என்றால் அது "உங்களுக்குத் தொந்தரவா" என்ற கேள்வி, உட்காரலாம் என்பதற்குப் பதில் "நோ, நாட் அட் ஆல்".

நீளமான வாக்கியம் நடுவில் அறுந்துவிடுகிறது

"நேற்று என்னிடம் பேசிய பையன் எழுதிய கடிதம் தொலைந்துவிட்டது." இதை முன்னாலிருந்து இங்கிலீஷாக்கத் தொடங்கினால் "எஸ்டர்டே வித் மீ" என்று மூன்றாவது சொல்லிலேயே முட்டுச்சந்து. தமிழ் ரயில் எஞ்சினைக் கடைசியில் வைத்து ஓடுகிறது, பெயருக்கு முன்னால் எத்தனை பெட்டி வேண்டுமானாலும் கோக்கலாம். இங்கிலீஷ் எஞ்சினை முன்னால் வைத்துப் பெட்டிகளைப் பின்னால் கோக்கிறது. ஆகவே பின்னாலிருந்து படியுங்கள்: கடிதம், எழுதிய, பையன், பேசிய, நேற்று. "தி லெட்டர் ரிட்டன் பை தி பாய் ஹூ டாக்ட் டு மீ எஸ்டர்டே இஸ் லாஸ்ட்." ஒவ்வொரு "ய", "த" பெயரெச்சமும் ஒரு "ஹூ" அல்லது "விச்" ஆகும், அல்லது "ரிட்டன்" மாதிரிச் சுருங்கும். ஆரம்பத்தில் இரண்டு வாக்கியமாக உடைத்துப் பேசினாலும் யாரும் அபராதம் போட மாட்டார்கள்.

இந்த இடத்திலேயே இன்னும் நான்கு சின்னத் தப்புகள் ஒளிந்திருக்கும். "இது என் புத்தகம்" என்பதில் வினையே இல்லை என்பதால் "திஸ் மை புக்" என்று "இஸ்" விழும். "மழை பெய்கிறது" என்பது "ரெயினிங்" என்று மட்டும் வரும், ஒரு பொம்மை "இட்" முன்னால் வேண்டும். "இருந்தாலும்", "ஆனால்" இரண்டையும் சேர்த்துப் பேசும் பழக்கத்தில் "ஆல்தோ ... பட்" என்று இரட்டை வரும், ஒன்றை எடுத்துவிடுங்கள். கேள்விக்குள் கேள்வி வைத்தால் உள்ளே இருப்பது நேராகிவிடும்: "டெல் மீ வேர் ஹி இஸ்". "வேர் இஸ் ஹி" அங்கே வராது.

"நேற்றுதான் வந்தேன்" என்பதன் "ஐ கேம் எஸ்டர்டே ஒன்லி"யை நமக்குள் பேசும்போது நான் திருத்துவதில்லை, அதற்கு ஒரு ருசி இருக்கிறது. வெளியாள் காதில் மட்டும் அது "நேற்று மட்டும் வந்தேன்" என்று விழும். அவரிடம் "எஸ்டர்டே"யை அழுத்திச் சொன்னால் போதும், இல்லையென்றால் "ஐ கேம் ஜஸ்ட் எஸ்டர்டே".

படித்தால் புரிகிறது, பேசும்போது சொல் வருவதில்லை

சொல்வளம் குறைவு என்று நினைத்து இன்னும் ஐந்நூறு சொல் மனப்பாடம் செய்யப் போவார்கள். வேண்டாம். அந்தச் சொல் உள்ளேதான் இருக்கிறது, நுழைந்த கதவு வேறு, வெளியே வரும் கதவு வேறு. இங்கிலீஷைப் பார்த்துத் தமிழ் சொல்லிப் பழகியவருக்குத் தமிழிலிருந்து இங்கிலீஷுக்குப் பாதையே போடப்படவில்லை.

சொற்களை அட்டைகளில் எழுதி வைத்துப் படிக்கிறீர்கள் என்றால் அட்டையைத் திருப்புங்கள். நான் "ரிலக்டன்ட்" என்ற சொல்லை இப்படி எழுதியிருந்தேன். முன்பக்கம்: "அவள் அரை மனசாகத்தான் வரச் சம்மதித்தாள். ஷி வாஸ் ரி_____ டு கம்." பின்பக்கம்: "ரிலக்டன்ட் டு". சொல் மட்டும் இல்லை, ஒரு சூழல், கூடவே வால். முன்பக்கத்தைப் பார்த்து வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் திருப்ப வேண்டும். "ஆங், தெரியும்" என்று மனசுக்குள் சொல்லித் திருப்பினால் அது பழைய கதவுதான்.

எப்போது மறுபடி பார்ப்பது என்பதும் முக்கியம். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகத்தில் மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார்: மறதி முதலில் சரசரவென்று இறங்கி அப்புறம் மெதுவாகிறது. அதனால் இடைவெளியைப் போகப் போகக் கூட்டலாம், நாளை, மூன்று நாள் கழித்து, வாரம், மாதம். 1972இல் லைட்னர் என்பவர் சொன்ன பெட்டி முறை இதையே செய்கிறது, சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தப்பினால் முதல் அறைக்கே திரும்பும். 2006இல் வந்த ஆங்கி மாதிரிச் செயலிகள் அந்தக் கணக்கைத் தாங்களே பார்த்துக்கொள்ளும். எதை வைத்துச் செய்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை, முன்பக்கத்தில் தமிழ் இருக்கட்டும்.

ஒவ்வொரு வரிக்கும் அகராதி திறக்க வேண்டியிருக்கிறது

பழுது உங்களிடம் இல்லை, கையிலிருக்கும் பக்கத்தில். நூறு சொல் எண்ணி, தெரியாதவற்றைக் குறியுங்கள். இரண்டு என்றால் சுகமாக ஓடும். ஐந்துக்கு மேல் போனால் அது இப்போதைக்கு உங்கள் பக்கம் அல்ல, எளிதான ஒன்றை எடுங்கள்.

பால் நேஷன் என்ற சொல்வள ஆய்வாளர் 2006இல் போட்ட கணக்குப்படி, நாவல், செய்தித்தாள் போன்றவற்றில் நூற்றுக்கு 98 சொல் தெரிய 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும், பேச்சுக்கு 6,000 முதல் 7,000. பயப்பட வேண்டாம், "டிசைட், டிசிஷன், டிசைசிவ்" எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பம்தான். அதோடு, மைக்கேல் வெஸ்ட் 1953இல் தொகுத்த பட்டியல் மாதிரி அடிக்கடி புழங்கும் முதல் 2,000 சொற்களே எந்தப் பக்கத்திலும் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும். அந்த இரண்டாயிரத்தில் ஓட்டை வைத்துக்கொண்டு மேலே அபூர்வச் சொற்களை அடுக்குபவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். பல்கலைக்கழகப் பாடம் படிக்கப் போகிறவர் என்றால் அதற்கு மேல் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000இல் தொகுத்த 570 குடும்பங்கள் கொண்ட கல்விச் சொற்பட்டியல் நேரடியாக உதவும்.

இலக்கணம் சரி, ஆனாலும் "இப்படிச் சொல்ல மாட்டோம்" என்கிறார்கள்

சொற்களுக்குச் சேர்க்கை உண்டு. நமக்குக் காற்று வீசும், மழை பெய்யும், வெயில் அடிக்கும். "வெயில் பெய்கிறது" என்று ஒருவர் சொன்னால் இலக்கணப் பிழை எதுவும் இல்லை, ஆனால் சிரிப்போம். "டூ எ மிஸ்டேக்" அவர்கள் காதில் அப்படித்தான் விழுகிறது, "மேக் எ மிஸ்டேக்" என்பார்கள். மாத்திரை அங்கே "டேக்", லைட் போடுவது "டர்ன் ஆன்", கனமழை "ஹெவி ரெயின்". திரும்பப் பதில் எழுதுவதால் வரும் "ரிப்ளை பேக்"கில் "பேக்" வேண்டாம்.

ஒரே தமிழ்ச் சொல் இரண்டாகப் பிரியும் இடங்களில் இன்னும் கவனம். "சொன்னான்" என்பதற்கு "டோல்ட்" போட்டால் யாரிடம் என்று ஓர் ஆள் உடனே வேண்டும், "ஹி டோல்ட் மீ". "செட்" போட்டால் ஆள் தேவையில்லை, "ஹி செட் தட்". "கடன்" என்ற ஒரே சொல்லை வைத்துக் கொடுக்கவும் வாங்கவும் செய்கிற நமக்கு "லெண்ட்", "பாரோ" குழம்பும்: கொடுத்தால் லெண்ட், வாங்கினால் பாரோ.

எல்லாம் தெரியும், வாய்தான் தாமதம்

தமிழில் முழு வாக்கியம் கட்டி, மொழிபெயர்த்து, சரிபார்த்து வெளியே அனுப்புவதற்குள் பேச்சு வேறு விஷயத்துக்குப் போய்விடுகிறது. ஒரே விஷயத்தை எடுத்துக்கொண்டு நான்கு நிமிடம் பேசுங்கள், அதையே மறுபடி மூன்று நிமிடத்தில், அப்புறம் இரண்டு நிமிடத்தில். புதிதாக எதுவும் சேர்க்க வேண்டாம். பேசும் நேரத்தில் திருத்தம் கிடையாது, எஸ் விழட்டும், "தி" விழட்டும். மூன்றாவது சுற்றை மட்டும் போனில் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள், கேட்கும்போது மேலே சொன்னதில் ஒரே ஒரு அறிகுறியைத் தேடுங்கள், ஒரு வாரத்துக்கு அது ஒன்றுதான்.